இரண்டு கட்டம், ஒரு ஸ்டாப்

வாரப் பத்திரிகைக்குக் குறுக்கெழுத்துப் போடுகிறவள் நான். இன்று ராஜபாளையத்தில் பஸ் ஏறினால், பக்கத்து சீட் அக்கா என் கட்டங்களைத்தான் நிரப்பிக்கொண்டிருந்தார்.

மிச்சம் இரண்டு எழுத்து. ‘ஏற உதவும், அரிசி அளக்க உதவும், பரீட்சை வந்தால் அம்மா சொல்வது.’

“இத எழுதுன ஆளு மட்டும் கையில கெடச்சா, இருக்கு கச்சேரி” என்று முணுமுணுத்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியதும், “படி. அம்புட்டுதான்” என்று தொடையைத் தட்டினார். அப்புறம்தான் ஜன்னலைப் பார்த்தார். “அய்யய்யோ, ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருச்சே. நீங்க எங்க எறங்கணும்?”

“நானும் அங்கதாங்க்கா.”

அவர் விடையைக் கண்டுபிடிக்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்ததில் என் ஸ்டாப்பும் போயிருந்தது.

இப்போது கிருஷ்ணன்கோவிலில் இருவரும் திரும்பும் பஸ்ஸுக்கு நிற்கிறோம். இரண்டு எழுத்தில் ஒருவரை ஊர் தாண்ட வைத்த பெருமை எனக்குத் தாங்கவில்லை.

அந்த ஆள் நான்தான் என்று சொல்லிவிடவா, இல்லை வேறு பஸ்ஸில் ஏறவா?