சுரண்டிப் போட்ட ரோடு

டெய்லரம்மாவின் வீட்டுக்கு ஒரு காலத்தில் மூன்று படிகள் இருந்தன. கட்டியவர் அவள் கணவர். தெருவுக்கு அவர் கொத்தனார், அவளுக்கு 'இந்த மனுஷன்'. தெருவிலிருந்து மூன்று படி ஏறினால்தான் வாசற்கதவு. அளவு கொடுக்க வருகிறவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டே, "எதுக்குங்க இவ்வளவு உயரம்?" என்று கேட்டால், "தண்ணிக்கு" என்பார். அதற்கு மேல் பேச மாட்டார். மீதியைப் பேசத்தான் அவள் இருந்தாளே.

தெரு சரிவான தெரு. சரிவின் அடியில் கடைசி வீடு அவளுடையது. அதைத் தாண்டினால் பூங்கா. பூங்கா என்றால் அப்போது வெறும் பள்ளமான மைதானம்தான். பெய்கிற மழை முழுக்கத் தெருவோடு ஓடி வந்து, அவள் படியை நனைத்துவிட்டு, மைதானத்தில் போய் இறங்கிவிடும். யாருக்கும் ஒரு தொல்லையும் இல்லை.

அப்புறம்தான் நகர மன்றம் மேம்பாட்டில் இறங்கியது. முதல் தடவை ரோடு போட்டபோது கீழ்ப்படி காணாமல் போனது. பழைய ரோட்டைப் பெயர்க்காமல் அதன் தலையிலேயே தாரைக் கொட்டி உருட்டிவிட்டுப் போய்விட்டார்கள். சில வருஷம் கழித்து இன்னொரு ரோடு, நடுப்படியும் போயிற்று. ஒவ்வொரு தடவையும் மன்றத்தின் செய்தித்தாள் வீட்டுக்கு வீடு வந்து விழும்: சாலை மேம்பாடு, பூங்கா மேம்பாடு, சமூக நிதி உதவி. மேம்பாடு என்று பெயர் வைத்தவன் இந்தத் தெருவைப் பார்த்துவிட்டுத்தான் வைத்திருக்க வேண்டும். ரோடு மேலே மேலே போனது, பாடு கடைசி வீட்டுக்கு.

அவளா சும்மா இருப்பாள்? அவள் வாய்க்குத் தெருவே பயப்படும். காலர் சரியில்லை என்று சொன்ன வாத்தியாரை, "கழுத்தைச் சரி பண்ணிட்டு வாங்க, காலர் தானா சரியாகும்" என்று திருப்பி அனுப்பியவள். ஆனால் மன்றத்தோடு சண்டை போட வாய் மட்டும் போதாது, உள்ளே ஓர் ஆள் வேண்டும் என்று நினைத்தாள். தன் ஒரே தம்பியைத் தேர்தலில் நிறுத்தினாள். முதல் கூட்டத்துக்கு அவன் போட்டுக்கொண்டு போன சட்டை அவள் தைத்தது. வீடு வீடாக ஏறி, "என் தம்பி வந்தா இனி ஒருத்தர் வீட்டுப் படியும் போகாது, நான் பொறுப்பு" என்று சொல்லி வாக்கு கேட்டவளும் அவள்தான்.

தம்பி வந்தான். முதல் காரியமாக மைதானத்தைப் பூங்காவாக்கினான். சுற்றிலும் ஆளுயரச் சுவர், நடக்கப் பாதை, உட்காரப் பெஞ்சு, எல்லாவற்றிலும் அவன் பெயர். திறப்பு விழா மட்டும்தான் பாக்கி. அவள் வீட்டுக் கொல்லைச் சுவரும் பூங்காச் சுவரும் இப்போது ஒன்றுதான். தெருத் தண்ணீர் போகிற வழியையும் சேர்த்து அடைத்துக் கட்டிவிட்டார்கள். போன மழைக்கே தண்ணீர் மிச்சமிருந்த ஒற்றைப் படியின் விளிம்பு வரை வந்து நின்று, கதவைத் தட்டலாமா என்று யோசித்துவிட்டுப் போனது.

இந்த நேரத்தில்தான் அறிவிப்பு வந்தது: தெருவுக்கு மறுபடியும் புது ரோடு. அந்தப் படியும் மூடினால் வாசற்கதவு ரோட்டை விடத் தாழ்ந்துவிடும். அப்புறம் பெய்கிற மழையெல்லாம் கூடத்துக்குள்தான். கூடத்தில்தான் அவள் தையல் மிஷின், கூடத்தில்தான் அவள் பிழைப்பு.

அவள் மன்றக் கூட்டத்துக்கு வந்து கேள்வி கேட்பாள் என்று தம்பிக்குத் தெரியாதா? முந்திக்கொண்டான். நடைப்பயிற்சிக் குழுவுக்குச் சமூக நிதியிலிருந்து சீருடை தைக்கும் வேலையை அவளுக்கே ஒதுக்கி, துணிக்கட்டைக் கொத்தனார் கையில் கொடுத்தனுப்பினான்.

"என்னவாம்?" என்றாள்.

"நீ கூட்டத்துக்கு வர வேண்டாமாம். அலைச்சலாம்."

"அக்கா மேல அவ்வளவு அக்கறையா? துணியை வையுங்க. துணி என்ன பாவம் பண்ணிச்சு." வாங்கி வைத்துக்கொண்டாள். கூட்டத்துக்கும் போனாள்.

மன்றக் கூடத்தில் வரிசையாக நாற்காலி. மேடையில் தம்பி, பக்கத்தில் பொறியாளர். சாலை, பூங்கா, சமூக நிதி என்று ஒவ்வொன்றாக வாசித்து முடித்தான். அவள் எழுந்தாள்.

"கவுன்சிலர் அவர்களே, உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாங்களா?"

பிறந்ததிலிருந்து 'டேய்' தவிர வேறு எதுவும் கேட்டறியாத தம்பிக்கு, அந்த 'உங்ககிட்ட' முகத்தில் அறைந்த மாதிரி இருந்திருக்கும்.

"ரோடு போடுங்க, வேண்டாங்கல. பழைய ரோட்டை மேலயிருந்து கீழ வரைக்கும் சுரண்டி எடுத்துட்டு அப்புறம் போடுங்க."

"அதுக்கு நிதி இல்லீங்க," என்றார் பொறியாளர். "சுரண்டுறது தனி வேலை."

"சுரண்டுறதை உங்களுக்கு நான் புதுசாவா சொல்லித் தரணும்? சமூக நிதியைச் சுரண்டின கையால அப்படியே ரோட்டையும் கொஞ்சம் சுரண்டுங்க, போதும்."

கூடம் சிரித்தது. பின்வரிசையில் ஒருவர் கைதட்டவே செய்தார். தம்பிக்குக் காது வரை சிவந்துவிட்டது. அவளைப் பார்க்காமல், பக்கத்தில் நின்ற ஊழியரிடம் மைக்கிலேயே சொன்னான்: "அந்தம்மாவை உட்காரச் சொல்லுங்க."

அந்தம்மா. மற்றவர்கள் சிரித்த சிரிப்பில் அது யாருக்கும் பெரிதாகப் படவில்லை. அவளுக்குப் பட்டது. அவள் அம்மா படுத்த படுக்கையாக இருந்த வருஷங்களில் அவனுக்குச் சோறு ஊட்டியவள் அவள். உட்காரவில்லை, வீட்டுக்குப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் ரோடு போட வந்தார்கள். மேலேயிருந்து பழைய ரோட்டின் மீதே தாரைக் கொட்டிக்கொண்டு வந்தவர்கள், அவள் வீட்டு முன்னால் மட்டும் வண்டியை நிறுத்தினார்கள். சுரண்டுகிற மிஷினை இறக்கினார்கள். அவள் வாசல் நீளத்துக்கு, ஒரு சாண் கூடவும் இல்லை குறையவும் இல்லை, சுரண்டி எடுத்துவிட்டு மெல்லிசாகத் தார் பூசினார்கள். மேஸ்திரி சிரித்துக்கொண்டே சொன்னார்: "கவுன்சிலர் சொல்லிட்டாருங்க. அக்கா கேட்டபடியே சுரண்டிக் குடுக்கச் சொன்னாரு."

கதவடியில் அந்தக் கடைசிப் படி பிழைத்துவிட்டது. ஒரு நிமிஷம் அவளுக்கு மனசு இளகிப் போயிற்று. என்ன இருந்தாலும் தம்பி என்று கூட நினைத்துவிட்டாள். கொத்தனார் வெளியே வந்து, மேலே தெருவைப் பார்த்தார், கீழே வாசலைப் பார்த்தார்.

"இது ரோடு இல்ல," என்றார். "தொட்டி."

அப்போதுதான் அவளுக்கும் புரிந்தது. தெரு முழுக்க உயர்ந்து நிற்க, அவள் வாசல் மட்டும் பள்ளம். தம்பி ஒன்றும் தெரியாதவன் இல்லை. சின்ன வயதில் மழைநாளில் அவளோடு உட்கார்ந்து மண்ணில் வாய்க்கால் வெட்டி விளையாடியவன்தான். தெரிந்தே செய்திருக்கிறான். எல்லோர் முன்னாலும் சிரிக்க வைத்ததற்குக் கூலி கொடுத்திருக்கிறான்.

ஓடிப்போய்ச் சொல்லலாம் என்றால் கேட்பதற்கு ஆள் இல்லை. தெருவே அவள் மேல் கடுப்பில் இருந்தது. எதிர்வீட்டுக்காரி வாசலில் நின்றபடி, "தம்பி கவுன்சிலர்னா சும்மாவா? அவங்களுக்கு மட்டும் தனியா சுரண்டல்," என்று யாரிடமோ சொல்வது போல இவளிடம் சொன்னாள். எதிர்வீடும் தாழ்வுதான், ஆனால் அவர்கள் சமூக நிதியில் வாசலில் மேடை கட்டிக்கொண்டுவிட்டார்கள்.

பூங்காத் திறப்பு விழாவுக்கு முதல் நாள் மழை பிடித்துக்கொண்டது. விடிந்த பிறகும் விடவில்லை. தெருத் தண்ணீர் மொத்தமும் நேராக வந்து தொட்டியை நிரப்பியது, படியை ஏறியது, கதவுக்கு அடியில் புகுந்தது. மிஷினின் மோட்டாரைக் காப்பாற்றுவதற்குள் அது மூழ்கிவிட்டது. கீழே வைத்திருந்த சீருடைத் துணி சாயம் போய், கூடம் முழுக்கப் பச்சைத் தண்ணீர். அவள் முழங்கால் வரை தண்ணீரில் நின்று ஒரு வாளியால் மொண்டு வெளியே ஊற்றினாள். ஊற்றியது திரும்ப உள்ளே வந்தது. எதிர்வீட்டுக்காரி மேடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

விழா நேரத்துக்கு மழை ஓய்ந்தது. கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் மைக் கரகரத்தது. விழா தொடங்கிவிட்டது. பாதை எத்தனை அழகு, பெஞ்சு எத்தனை உறுதி என்றெல்லாம் சொல்லிவிட்டுத் தம்பியின் குரல் ஒரு சுற்று உயர்ந்தது.

"இன்னொரு நல்ல செய்தி. இந்தத் தெருவுல மழைத்தண்ணி தேங்குற பிரச்சினை அடியோட தீர்ந்துடுச்சு. நேத்து பெஞ்ச மழைக்குத் தெருவுல ஒரு சொட்டு நிக்கல. நீங்களே பார்த்தீங்க."

கைதட்டினார்கள். பொய் என்றும் சொல்ல முடியாது. தெருவில் எதுவும் தேங்கவில்லைதான். தண்ணீர் முழுக்க இவள் கூடத்தில் அல்லவா நின்றது. அவள் வாளியைக் கீழே போட்டாள். சுவரைப் பார்த்து அவள் திட்டிய திட்டு எழுத்தில் வராது. அந்தப் பக்கம் மைக் சத்தத்தில் அது ஒருவருக்கும் கேட்கவில்லை. திட்டித் திட்டித் தொண்டை கட்டி, கடைசியில் அழுதாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அழுது கொத்தனார் பார்த்ததில்லை.

அவர் உள்ளே போய்க் கடப்பாரையை எடுத்து வந்தார்.

"என்ன பண்றீங்க?"

"வாயால இடிச்சது போதும், தள்ளிக்கோ."

அவருக்கு அது ஒரு வேலையே இல்லை. சுவரின் அடியில், தரையோடு ஒட்டிய கல்லைப் பார்த்துக் குத்தினார். ஒரு கல் பெயர்ந்தது, பக்கத்துக் கல்லும் கூடவே வந்தது. அவள் வாசற்கதவையும் கொல்லைக் கதவையும் விரியத் திறந்து வைத்தாள். கூடத்துத் தண்ணீர் ஒரு சுழி சுழித்துக்கொண்டு கிளம்பி, ஓட்டை வழியே பூங்காவுக்குள் பாய்ந்தது. பின்னாலேயே தொட்டித் தண்ணீர், அதன் பின்னால் இன்னும் மேலிருந்து வடிந்துகொண்டிருந்த தெருத் தண்ணீர். பச்சை நிறமாய்ப் பாதையை மூழ்கடித்து, நாற்காலிகளுக்கு அடியில் புகுந்து, விருந்தாளிகளின் செருப்புகளைத் தூக்கிக்கொண்டு போனது. மைக் ஒரு கத்துக் கத்திவிட்டு அடங்கிவிட்டது.

தம்பி பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு சுவரடிக்கு வந்தான். குனிந்து ஓட்டை வழியாகப் பார்த்தால் கொல்லை, கூடம், வாசல், அந்தக் கடைசியில் அவன் போட்ட ரோடு வரைக்கும் தெரிந்தது. நடுவில் அவள் நின்றிருந்தாள்.

"என்ன பண்ணிட்டு இருக்கீங்க? அறிவிருக்கா?" என்று கத்தினான்.

"தீர்ந்துபோன பிரச்சினை எங்க கூடத்துல நின்னுட்டிருந்துச்சுங்க," என்றாள் கம்மிய குரலில். "உங்களுது ஆச்சே. அனுப்பி வெச்சிருக்கேன், பத்திரமா வாங்கிக்கோங்க."

மன்றச் சொத்தைச் சேதப்படுத்தியதாக அவர்கள் மேல் புகார் போனது. விசாரிக்க வந்த அதிகாரி கூடத்தைப் பார்த்தார், துருப்பிடித்த மோட்டாரைப் பார்த்தார், ஒன்றும் எழுதாமல் போய்விட்டார். பூங்காவோ நாறிப்போய்க் கிடந்தது. நடைப்பயிற்சிக் குழு மூக்கைப் பொத்திக்கொண்டு மன்றத்துக்கே போய்விட்டது. குழுவில் இருந்த எதிர்வீட்டுக்காரிதான் முன்னால் போனாளாம். ஒரு வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது இல்லாத நிதி, பூங்காவுக்குள் வந்ததும் எங்கிருந்தோ வந்துவிட்டது. சுரண்டுகிற மிஷின் மறுபடியும் தெருவுக்கு வந்தது, இந்தத் தடவை மேல்முனையிலிருந்து.

ஒவ்வொரு ரோடாகப் பெயர்ந்தது. அவள் வாசலுக்கு வந்தபோது, தாருக்கு அடியிலிருந்து நடுப்படி எட்டிப் பார்த்தது. ஓரம் உடைந்திருந்தது, அவ்வளவுதான். கொத்தனார் அதன் மேலிருந்த தாரை உளியால் நிதானமாகத் தட்டி எடுத்துக்கொண்டிருந்தார். அவள் மேல்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

தம்பியின் கார் வந்து நின்றது. இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கினான். முன்பெல்லாம் காரில் உட்கார்ந்தபடியே அவள் வீட்டுக்குள் குனிந்து பார்ப்பான். இப்போது அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது.

"படி வந்துடுச்சுல்ல. இப்பவாவது போதுமா?" கொஞ்சம் தயங்கிவிட்டு, "அக்கா" என்றான்.

அவளுக்கு எழுந்து போய்க் காதைத் திருகி உள்ளே இழுத்து வந்துவிடலாம் போலத்தான் இருந்தது. மேடையில் அவன் தன்னைப் பார்க்காமல் ஊழியரிடம் சொன்ன அந்த 'அந்தம்மா' நினைவுக்கு வந்தது. பிசுபிசுவென்று இன்னும் காயாத கூடத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"எனக்கு ஒரு தம்பி இருந்தானுங்க," என்றாள். "அவனும் இந்த ரோட்டுக்கு அடியிலதான் எங்கயோ போயிட்டான். அவ்வளவு ஆழத்துக்கு உங்க மிஷின் சுரண்டாது."

கார்க் கண்ணாடி ஏறியது. கொத்தனார் தலையைத் தூக்காமல் உளியைத் தட்டிக்கொண்டே இருந்தார். கீழ்ப்படி இன்னும் வெளியே வரவில்லை.