எடைப்பட்டி கழன்ற நாள்

முப்பது வயதுவரை எனக்கு நீந்தத் தெரியாது. மன்னார்க் கடலுக்கு அருகே பிறந்தவள்தான். ஆனால் பெண்பிள்ளைகள் கணுக்காலுக்கு மேலே நனைந்தால் அம்மா கரையில் நின்று கத்தத் தொடங்கிவிடுவா. எனக்கு நீச்சல் பழக்கியது என் தம்பி. அதுவும் ஒஸ்லோவில், குளோரின் மணக்கும் ஒரு நீச்சல் தடாகத்தில். நீச்சலுடையில் கூனிக் குறுகி நின்ற என்னைப் பார்த்து அவன் சிரிக்காமல் இருந்ததே பெரிய காரியம்.

அவன் என்னைவிடப் பத்து வயது இளையவன். நாங்கள் நோர்வேக்கு வந்தபோது பள்ளிக்கூடம் தொடங்கும் வயது அவனுக்கு. அப்பா அதற்கு முன்பே இறந்துவிட்டார். அம்மா துப்புரவு வேலைக்குப் போக, அவனுக்குச் சோறு கொடுத்து, பெற்றோர் கூட்டங்களில் அரைகுறை நோர்வீஜியனில் ஆசிரியர்களோடு கதைத்து அவனை வளர்த்தது நான்தான். பல்கலைக்கழகத்துக்குப் போனவன் அங்கே காற்றுச் சிலிண்டரோடு கடலுக்கடியில் போகும் சுழியோடும் கழகம் ஒன்றில் சேர்ந்துகொண்டான். ஒஸ்லோவின் ஓரத்தில், எல்லிங்ஸ்ருட்டில் இருந்த எங்கள் வீட்டுப் பல்கனியில் ரப்பர் உடுப்புகள் காயத் தொடங்கின. அம்மா அவற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வா.

"சுழியோட ஒருத்தரும் தனியப் போகேலாது அக்கா. சோடி வேணும். நீங்கள் வாங்கோவன்," என்றான் ஒருநாள்.

"எனக்கென்ன விசரே?" என்று கேட்டேன். ஆனாலும் போனேன்.

நான் ஒரு வயோதிபர் இல்லத்தில் வேலை செய்தேன். நாள் முழுவதும் யாராவது மணி அடித்துக் கூப்பிட்டுக்கொண்டேயிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து வெளியே வந்தால், நான் ஏன் இன்னும் கலியாணம் கட்டவில்லை என்று யாராவது ஒரு மாமி கேட்பா. தண்ணீருக்குள் போனால் ஒருவரும் எதுவும் கேட்கமுடியாது. என் மூச்சின் சத்தம் மட்டுந்தான் கேட்கும். ஒஸ்லோ குடாவின் தண்ணீர் கறுப்பு. குளிரில் உதடுகள் மரத்துப்போகும். நீட்டிய கை சில நாட்களில் தெரியாது. அப்படியிருந்தும் அந்த அமைதிக்காக மறுபடியும் மறுபடியும் போனேன். இரண்டு வருடங்களில் எனக்கும் சான்றிதழ் கிடைத்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில ஆண்டுகளில் ஒன்று அது. செப்டெம்பர் மாத விடுமுறைக்கு நானும் தம்பியும் ஒரு கிரேக்கத் தீவுக்குப் போனோம். அந்தத் தீவிலிருந்து படகில் கொஞ்சத் தூரம் போனால் கடலுக்கடியில் ஒரு கற்பார் இருந்தது. மேலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. ஆனால் பாறை ஏறத்தாழ நீர்மட்டம்வரை எழும்பி நிற்கும். காலங்காலமாகக் கப்பல்கள் அதில் மோதி உடைந்திருக்கின்றன. எங்களைக் கூட்டிப்போன கிரேக்க வழிகாட்டி, "எந்தக் கப்பலுடைய எலும்பு எது என்று யாருக்கும் தெரியாது. பாருங்கள், எடுக்காதீர்கள்," என்றார்.

முதல் இரண்டு நாட்களும் நான் வாழ்க்கையில் கண்டிராத வெளிச்சத்தைக் கண்டேன். தண்ணீர் நீலக் கண்ணாடி. பாறைச் சரிவில் ஒரு நங்கூரம் மல்லாந்து கிடந்தது. அதற்குக் கீழே இரும்பு விலாக்கள், ஒரு கொதிகலன், பாறையோடு பாறையாக ஒட்டிப்போன சாடித் துண்டுகள். கொதிகலனுக்குள் பெரிய களவாய் மீன் ஒன்று குடியிருந்தது. நாங்கள் போகும்போதெல்லாம் வாசலுக்கு வந்து எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடும்.

மூன்றாம் நாள் காலை இன்னும் ஆழத்துக்குப் போனோம். முப்பது மீற்றருக்கும் கீழே, சரிவு முடியும் இடத்தில், ஒரு பெரிய இரும்புத் தகடு சாய்ந்து கிடந்தது. அதன் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க நான் குனிந்து உடம்பைத் திருப்பினேன். இடுப்பு எதிலோ தட்டியது. என்னைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி வைத்திருந்த ஈயக்கட்டிகள் கோத்த எடைப்பட்டி கொளுக்கி திறந்து கழன்று கீழே விழுவதைப் பார்த்தேன். மணல் புகைபோல எழும்பியது.

அடுத்த கணம் நான் மேலே போய்க்கொண்டிருந்தேன், தக்கை போல. எடையில்லாத உடம்பைத் தண்ணீர் தள்ளிக்கொண்டு போனது. காற்று நிரப்பிய மிதப்புச் சட்டையைத் திறந்துவிட்டேன், போதவில்லை. ஆழத்திலிருந்து வேகமாக மேலே வரக்கூடாது என்பது சுழியோடுபவர்களுக்கு முதலில் சொல்லித்தரும் பாடம். அழுத்தத்தில் இரத்தத்தில் கரைந்த வாயு, சோடாப் போத்தலைத் திறந்ததுபோலக் குமிழியாகும். மெதுவாக வரவேண்டும், வழியில் நின்று வரவேண்டும். அதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? மூச்சை மட்டும் வெளியே விட்டுக்கொண்டிருந்தேன், நுரையீரல் வெடிக்காமல் இருக்க.

என் வலக் கணுக்காலை ஒரு கை இறுகப் பிடித்தது. குனிந்து பார்த்தேன். தம்பி. ஒரு கையால் என்னைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் தன் சட்டைக் காற்றைத் திறந்துவிட்டு என்னைக் கீழே இழுக்கப் பார்த்தான். வேகம் கொஞ்சம் குறைந்தது. ஆனால் நின்றுவிடவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து மேலே போனோம். முகமூடிக்குள் அவன் கண்கள் தெரிந்தன. பிறகு கை விட்டுவிட்டது. விரிந்த விரல்களோடு அவன் எனக்குக் கீழே சிறுத்துக்கொண்டு போனான்.

நான் வெளிச்சத்துக்குள் பாய்ந்து விழுந்தேன்.

படகிலிருந்தவர்கள் என்னைத் தூக்கி ஏற்றினார்கள். ஒட்சிசன் முகமூடியை மாட்டிப் படுக்க வைத்தார்கள். எனக்கு உடம்பில் ஒன்றும் செய்யவில்லை. தம்பியைத்தான் தேடினேன். அவன் கீழே நிற்கவேண்டிய இடத்தில் நின்று, முறைப்படி மேலே வந்தான். படகில் ஏறியதும் ஓடிவந்து என் கையைப் பிடித்தான்.

"அக்கா, என்ன செய்யுது? சொல்லுங்கோ."

"ஒண்டும் செய்யேல்லை. நீ பயப்பிடாதை," என்றேன்.

துறைமுகம் கண்ணில் தெரியும்போது முதுகில் வலி தொடங்கியது. யாரோ கயிற்றைச் சுற்றி இறுக்குவதுபோல வயிற்றைச் சுற்றி வந்தது. பாதங்களில் எறும்பு ஊர்ந்தது. பிறகு எறும்பும் போய்விட்டது. படகு கரையைத் தொட்டபோது எழும்பப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே ஒருவரும் இல்லை.

"தம்பி, என்ரை கால் எங்கையடா?"

அவன் என் காலைத் தன் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவன் தேய்ப்பது எனக்குத் தெரியவில்லை.

தீவின் சிறிய வைத்தியசாலையில் ஓர் இளம் பெண் வைத்தியர் ஊசியால் என் காலில் குத்திக்கொண்டே வந்தா. இது தெரிகிறதா, இது தெரிகிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டா. தொப்புளுக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. சிறுநீரும் போகவில்லை, குழாய் வைத்தார்கள். குமிழிகள் முள்ளந்தண்டு நரம்பைத் தாக்கியிருக்கின்றன, அழுத்த அறைக்குள் வைத்து மறுபடி அழுத்தம் கொடுக்கவேண்டும், அந்த அறை பெரிய தீவில்தான் இருக்கிறது என்றா. ஹெலிகொப்டர் உயரத்தில் பறந்தால் குமிழிகள் இன்னும் பெருக்குமாம். அதனால் கடலோரக் காவல் படகில் ஏற்றினார்கள்.

அந்தப் பயணத்தை இப்போதும் என்னால் முழுதாக நினைக்கமுடிவதில்லை. காற்று கிளம்பியிருந்தது. படகு அலையில் ஏறி விழுந்தது. கட்டிலில் பட்டிகளால் கட்டப்பட்டுக் கிடந்தேன். பக்கத்தில் ஒட்சிசன் சிலிண்டர்கள் ஒன்றோடொன்று முட்டின. ஒன்று முடிய மற்றதை மாற்றினான் தம்பி. கடைசிச் சிலிண்டரின் அளவுமானியைப் பார்த்தவன், அதை எனக்குத் தெரியாதபடி திருப்பி வைத்தான்.

"எவ்வளவு கிடக்கு?"

"காணும் அக்கா."

"பொய் சொல்லாதை."

"காணும் எண்டு சொல்லுறன். கதையாதேங்கோ. மூச்சை இழுங்கோ."

அப்போது அவனுடைய கைத்தொலைபேசி அடித்தது. அம்மா. நாங்கள் போன நாளிலிருந்து ஒவ்வொரு நாளும் அந்த நேரத்துக்கு எடுப்பா. நாங்கள் எடுக்காவிட்டால் விடமாட்டா. அவன் என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன், சொல்லாதே என்று.

"ஓம் அம்மா... ஓம், நல்லா இருக்கிறம்... படகிலை நிக்கிறம், அதுதான் இரைச்சல்... அக்காவோ? அக்கா அங்காலை நிண்டு படம் எடுக்கிறா... ஓம், சாப்பிட்டவா."

தொலைபேசியை மூடிவிட்டு அவன் தன் முழங்கால்களுக்கிடையில் தலையை வைத்துக்கொண்டான். இருபத்திரண்டு வயதுப் பெடியன். தோள்கள் குலுங்கின. "நான் விட்டிட்டன்," என்று நோர்வீஜியனில் சொன்னான். திரும்பவும் சொன்னான். முகமூடிக்குள்ளிருந்து நான் ஏதோ சொன்னேன். படகின் இரைச்சலில் அது அவனுக்குக் கேட்கவில்லை.

அழுத்த அறை என்பது இரும்பு உருளை. ஒரு தாதியும் நானும் உள்ளே. கதவை மூடித் திருகினார்கள். காற்று உள்ளே வர வர அறை சூடாகியது, காது அடைத்தது. சின்ன வட்டக் கண்ணாடிக்கு வெளியே தம்பியின் முகம் தெரிந்தது. எங்கள் வயோதிபர் இல்லத்தில் படுத்த படுக்கையாகக் கிடந்தவர்களை நான் எத்தனை வருடங்களாகப் புரட்டிப் போட்டிருக்கிறேன். படுக்கைப் புண் எப்படித் தொடங்கும், எப்படி மணக்கும் என்று எனக்குத் தெரியும். அதைத் தெரியாத ஒருத்தியாக இருந்திருந்தால் அன்றைக்குக் கொஞ்சம் அழுதுவிட்டு நித்திரை கொண்டிருப்பேன். எனக்கு அழுகையும் வரவில்லை. செபமாலையின் முதல் மன்றாட்டைத் தொடங்கி நடுவில் மறந்து, திரும்பத் தொடங்கி, திரும்ப மறந்தேன்.

முதல் சிகிச்சை முடிந்தபோது இடக் கால் பெருவிரல் அசைந்தது. தம்பி எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினான். வழியில் போன துப்புரவுப் பெண்ணைக்கூட. அதற்குப் பிறகு நாள்தோறும் அந்த உருளைக்குள் போய்வந்தேன். வேறு எதுவும் அசையவில்லை. இரண்டாவது கிழமை வைத்தியர்கள் என் கட்டிலருகே நின்று தங்களுக்குள் தாழ்ந்த குரலில் கதைக்கத் தொடங்கினார்கள். அந்தக் குரலை எனக்குத் தெரியும். என் வேலையில் நானும் அப்படிக் கதைத்திருக்கிறேன்.

"என்னை அம்மாவிட்டைக் கொண்டு போகாதை," என்று தம்பியிடம் சொன்னேன். "அம்மாவாலை என்னைத் தூக்கேலாது. எங்கையாவது ஒரு இல்லத்திலை விடு."

"வாயை மூடுங்கோ அக்கா," என்றான். வாழ்க்கையில் முதல் தடவையாக என்னோடு அப்படிக் கதைத்தான்.

அம்மாவிடம் சொல்லத்தான் வேண்டியிருந்தது. அவன் தொலைபேசியில் சொல்லி முடிக்க, "சாப்பிடுறாளோ?" என்று மட்டும் கேட்டாவாம்.

பறக்கலாம் என்று அனுமதி வந்த பிறகு, படுத்தபடி ஒஸ்லோவுக்கு வந்தேன். நகரத்துக்கு வெளியே ஒரு மறுவாழ்வு வைத்தியசாலையில் அந்தக் குளிர்காலம் முழுவதும் இருந்தேன். அம்மா வேலை முடிந்து, இரண்டு பஸ் மாறி, நனைந்த சப்பாத்தோடு வந்து நிற்பா. குறொன்லாண்டில் ஒரு தமிழ்க் கடையில் வாங்கிய முருங்கைக்காய் போட்ட குழம்பு சுடுபோத்தலில் இருக்கும். ஒரு நாளும் ஏசவில்லை. ஒருநாள் எனக்குக் காலுறை போட்டுவிட்டுக்கொண்டே கேட்டா:

"பிள்ளை, கடலுக்கடியிலை என்னத்தைப் பாக்கப் போனனீங்கள்?"

"உடைஞ்ச கப்பல் அம்மா. இரும்புத் துண்டுகள். சாடி ஓடுகள்."

"உடைஞ்சதைப் பாக்கவோ?"

"ஓம்."

அம்மா மற்றக் காலுறையை எடுத்தா. அதைப் போடும்போது குதிக்காலில் அவ விரல் பட்டது எனக்குத் தெரிந்தது. உடனே சொல்லவில்லை. பொய்யாக இருந்துவிடுமோ என்று பயம். அடுத்த நாளும் தெரிந்த பிறகுதான் சொன்னேன். அம்மா கட்டில் விளிம்பில் தலையை வைத்து அழுதா.

இளவேனிலில் இரண்டு கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோடையில் ஊன்றுகோலோடு நடந்தேன். வலக்கால் முழுதாகத் திரும்பவில்லை. இன்றைக்கும் அது எனக்குப் பின்னால் கொஞ்சம் தாமதித்துத்தான் வருகிறது. சிறுநீரை நேரம் பார்த்துத்தான் கழிக்கவேண்டும். ஆட்களைத் தூக்கும் வேலை இனிச் சரிவராது என்று சொல்லிவிட்டார்கள். வேறு படிப்புப் படித்து, ஒரு சுகாதார நிலையத்தில் தொலைபேசிக்கு அருகே உட்காரும் வேலைக்குப் போனேன். எங்கள் வீட்டுக்கு மின்தூக்கி இல்லை. தரைத்தள வீடொன்று கிடைக்க, நாங்கள் மூன்று பேரும் ஒஸ்லோவின் இன்னொரு ஓரத்தில், ஹவுகன்ஸ்டுவாவுக்கு மாறினோம்.

தம்பி தன் ரப்பர் உடுப்புகளையும் சிலிண்டர்களையும் கழகத்துக்கே கொடுத்துவிட்டான். என்னோடு கதைப்பதைக் குறைத்தான். நான் அறைக்குள் வந்தால் எழும்பிப் போய்விடுவான். வடக்கே திறொம்சோவில் வேலை கிடைத்தபோது அம்மா வேண்டாம் என்று சொல்லியும் ஒத்துக்கொண்டான். போவதற்கு முதல் நாள் பின்னேரம், புது வீட்டின் சமையலறையில் அவனை மறித்து நின்றேன்.

"இரு. கதைக்கவேணும்."

"என்ன அக்கா?"

"நீ விட்டதுதான் சரி. விடாமல் பிடிச்சிருந்தால் அம்மாவுக்கு ரெண்டு பிள்ளையளும் சக்கரக் கதிரையிலைதான். நீ விட்டபடியாத்தான் என்னைத் தூக்கிக் காவ ஒரு ஆள் இருந்தது. அண்டைக்குப் படகிலையும் இதைத்தான் சொன்னனான். உனக்குக் கேக்கேல்லை."

அவன் கழுவும் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"தெரியும் அக்கா. சுழியோடப் படிப்பிச்சவங்களும் அப்பிடித்தான் படிப்பிச்சவங்கள். ஆனா நான் யோசிச்சு விடேல்லை. பயத்திலை விட்டனான்."

 நின்றதில் எனக்குக் கால் நடுங்கத் தொடங்கியது. அவன் அதைக் கண்டு கதிரையை இழுத்துப் போட்டான். நான் இருந்ததும் தானும் எதிரே இருந்தான். எழும்பிப் போகவில்லை. அம்மா வேலையால் வந்து விளக்கைப் போடும்வரை அப்படியே இருந்தோம்.

அவன் இப்போதும் திறொம்சோவில்தான். கலியாணம் கட்டி, ஒரு மகளும் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுப்பான். சுகம் கேட்பதற்கு முன்னால், "கால் எப்பிடி?" என்பான்.

"கிடக்கு," என்பேன் நான்.