முள்ளுப்புழுவின் மூடி

என் மனைவி பூச்சி ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருடம் புழுக்களுக்கு இலை மாற்றினாள். நத்தைபோல வழுக்கிப் போகும் முள்ளுப்புழுக்கள். பச்சை உடம்பு, நடுவில் ஊதாக் கோடு, சுற்றிலும் விஷ முள். அழகாயிருக்கிறதே என்று கை வைத்தால் தொலைந்தோம்.

நான் தையல்காரன். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அவள் பையோடு வீட்டுக்கு வந்த ஒன்று என் விரலைப் பதம் பார்த்துவிட்டது. பசை டேப்பை ஒட்டி ஒட்டி உரித்து, கண்ணுக்கே தெரியாத முட்களை அவள்தான் எடுத்தாள். நான்கு நாள் ஊசி பிடிக்க முடியவில்லை. "இனிமே வீட்டுல புழுப் பேச்சே எடுக்கக் கூடாது" என்று கறாராகச் சொல்லிவிட்டேன்.

அவள் விடுவாளா? தட்டு வைக்கும்போதே ஆரம்பிப்பாள். "வழவழப்பான இலையில ஒட்டிப் போகத் தோதா, எத்தனையோ லட்சம் வருஷத்துல காலெல்லாம் குட்டையாயிடுச்சாம். வயித்தாலயே நகருதுங்க."

"சாப்பிட விடுறியா?" என்பேன். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போவாள்.

அவளுக்கு ஒரே ஒரு குறை. அந்தப் புழு கட்டிக்கொள்ளும் கூட்டின் மூடியைத் திறந்துகொண்டு அந்துப்பூச்சி வருவதை ஒருதடவைகூடப் பார்த்ததில்லை. ஆய்வகத்தைப் பூட்டிய பிறகுதான் வரும். ஓய்வு பெற்ற அன்று, கடைசிக் கூட்டைக் கேட்டு வாங்கி, கண்ணாடி டப்பாவில் கொண்டு வந்தாள். "இத விட்டா எனக்கு வேற வாய்ப்பு இல்லீங்க." முணுமுணுத்தபடியே தையல் மிஷின் மேல் இடம் கொடுத்தேன்.

ஒன்பது நாள் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். பத்தாம் நாள் சாயங்காலம், "கொஞ்சம் பாத்துக்குங்க, குளிச்சிட்டு வந்துடறேன்" என்று போனாள்.

அப்போதுதான் அசைந்தது. கோட்டுப் பொத்தான் அளவுக் கூடு. அதன் உச்சியில் வட்டமாக ஒரு மூடி எழும்பியது. நாற்பது வருடம் துணி வெட்டிய கை எனக்கு. அத்தனை சுத்தமாக ஒருநாளும் வட்டம் வெட்டியதில்லை. கசங்கிய பழுப்பு இறக்கையோடு ஒரு பொடிசு வெளியே வந்தது. அடேயப்பா! கூப்பிடவே மறந்துவிட்டேன்.

ஈரத்தலையோடு வந்தவள் காலிக் கூட்டைப் பார்த்தாள். "ஒரு குரல் குடுத்திருக்கக் கூடாதா?"

"வாயடைச்சுப் போச்சும்மா." எனக்கு அழுகையே வந்துவிட்டது. என்ன மனுஷன் நான்!

துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "சரி, சொல்லுங்க. மூடி மொதல்ல எந்தப் பக்கம் தூக்குச்சு?"

சொன்னேன். சாப்பிட உட்கார்ந்தபோது மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். தட்டில் போட்டதெல்லாம் ஆறிப்போயிற்று. "சாப்பிட விடுறீங்களா?" என்று அவள் ஒருதடவைகூடக் கேட்கவில்லை.