‘செங்கம் பக்கம்’ என்று சொல்லாதே

பிள்ளைகளே, உங்கள் அக்கா எஸ்.ஐ. வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் போன சமயம் நீங்கள் இரண்டு பேரும் விடுதியில் இருந்தீர்கள். அதனால் நடந்ததை எழுதி வைக்கிறேன்.

எழுத்துத் தேர்விலும் ஓட்டத்திலும் அவள் ஜெயித்துவிட்டாள். மலையில் வளர்ந்தவளுக்கு ஓடுவதற்கா சொல்லித்தர வேண்டும்? பேச்சுதான் பயம். அதிகாரிகள் வரிசையாக உட்கார்ந்து கேட்பார்கள். இவள் ஒருத்தி பதில் சொல்ல வேண்டும்.

நான் எட்டாவது வரை படித்தவன். எந்த நேர்முகத்தையும் பார்த்ததில்லை. ஆனாலும் யாராவது அதிகாரியாக உட்கார வேண்டுமே. சாமை மூட்டையை ஒதுக்கிவிட்டு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டேன். அவள் கதவுக்கு வெளியே நின்று, "உள்ளே வரலாமா சார்?" என்றாள்.

"வாம்மா, உக்காரு."

அடுப்படியிலிருந்து உங்கள் அம்மா சிரித்தாள். "லுங்கி கட்ன ஆபீசரு எங்க கீறாரு? பேன்ட்டு மாட்டிக்கினு வாய்யா."

நான் கண்டுகொள்ளாமல் முதல் கேள்வியைக் கேட்டேன். "எந்த ஊரும்மா?"

"செங்கம் பக்கம் சார்."

அவள் கொடுத்திருக்கும் சான்றிதழ் எல்லாவற்றிலும் நம் மலை ஊரின் பெயர்தான் இருக்கிறது. செங்கம் எங்கே, நம் ஊர் எங்கே? ஆனால் நாம் எல்லோருமே அப்படித்தான் சொல்கிறோம். கீழே இறங்கி, பஸ் ஸ்டாண்டிலோ கடையிலோ ஜவ்வாது மலை என்றால் போதும், "ஆந்திராவுக்கு செம்மரம் வெட்டப் போவீங்களா?" என்று அடுத்த கேள்வி வரும். செங்கம் பக்கம் என்றால் பேச்சு அதோடு முடிந்தது. உங்கள் வாயிலும் அது தானாக வருகிறது. கடையில் பரவாயில்லை. போலீஸ் வேலை கேட்கும் இடத்தில் சொன்னால்? ஊரையே மறைக்கிறாள் என்று நினைத்துவிட்டால்?

அன்றிலிருந்து ஆடு ஓட்டும்போதும் தண்ணீர் தூக்கும்போதும் கேட்டுக்கொண்டே இருந்தேன். "எந்த ஊரு?" "ஜவ்வாது மலை சார்." சட்டம், பொது அறிவு எல்லாம் அவளே படித்துக்கொண்டாள். எனக்கு இந்த ஒரு கேள்விதான். ஒருநாள் கத்தியே விட்டாள். "யப்பா, வுடுப்பா! சோத்துல கைய வெச்சா ஊரு கேக்குற. போலீஸ்காரன்கூட இவ்ளோ கேக்கமாட்டான்."

சென்னைக்கு நானும் கூடப் போனேன். என்னை கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். வாங்கிய டீயைக் குடிக்க முடியவில்லை. வெளியே வந்த பிள்ளைகளின் முகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றேன். மத்தியானத்துக்கு மேல்தான் அவள் வந்தாள்.

"இன்னாம்மா ஆச்சு?"

"நீ பயந்ததேதாம்பா ஆச்சு."

நடுவில் இருந்த அதிகாரி, "எங்கேருந்து வர்றீங்க?" என்று கேட்டாராம். நான் ‘எந்த ஊரு’ என்றல்லவா பழக்கியிருந்தேன்! கேள்வி மாறியதும் வாய் பழைய வழியில் போய்விட்டது. செங்கம் பக்கம் சார் என்றிருக்கிறாள். அவர் தாளைப் புரட்டி, "இதுல வேற ஊர் இருக்கே?" என்றாராம்.

"அப்புறம்?"

"மலைதான் சார், கீழ வந்தா இப்டி சொல்லிப் பழக்கம்னேன். ஏன்னாரு. மலைன்னா மரம் வெட்டுற ஊரான்னு கேக்கறாங்க சார்னேன்."

"அவங்க கிட்டயேவா சொன்ன?"

"போலீஸ்காரங்களும் அப்டித்தான் கேக்கறாங்க சார்னு, அதையும் சொல்லிட்டேம்பா."

"திட்னாரா?"

"இல்ல."

"சிரிச்சாரா?"

"இல்லப்பா. குனிஞ்சி எழுதிக்கினாரு."

"இன்னா எழுதினாரு?"

"எதிர்ல உக்காந்தா எழுத்து தலைகீழா கீது. எப்டிப்பா படிக்கறது?"

திரும்பும்போது பஸ்ஸில் அவள் தூங்கிவிட்டாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. முதலில் தப்பாகச் சொல்லி, பிறகு உள்ளதைச் சொன்னதற்கு மார்க் கூடுமா, குறையுமா? யாரைக் கேட்பது?

முடிவு இன்னும் வரவில்லை. தினமும் சிக்னல் கிடைக்கும் மேட்டுக்குப் போய் போனைப் பார்த்துவிட்டு வருகிறாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. தூரத்திலிருந்தே நடையைப் பார்த்துக்கொள்கிறேன். இன்றைக்கும் மெதுவாகத்தான் நடந்து வந்தாள்.