முள் இல்லாத தொண்டையும் டாக்டர் மாசிலாமணியும்

அந்தமானில் சாத்தம் துறையில் கப்பலைக் கயிறு போட்டுக் கட்டி முடிப்பதற்குள், மேல்தட்டிலிருந்து கப்பல்காரன் அந்தோணி கத்தினான். "அண்ணாச்சி, நம்ம மாசிலாமணி டாக்டர் போயிட்டாரு. பதினாறாம் நாள் விசேஷமும் முடிஞ்சுது." மெயின்லேண்டில் சாவு விழுந்தால், கருமாதிச் சாப்பாடு செரித்த பிறகுதான் நம் தீவுக்குச் சேதி வரும். வங்கக் கடலையே ஒரு மடக்கில் குடித்தவன் என்று கராச்சர்மாவிலிருந்து வண்டூர் வரை பேர் வாங்கிய நான், எச்சில் விழுங்க முடியாமல் நின்றேன்.

அவரை அறிந்த உங்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் ஒருமுறை எனக்குத் தொண்டை அடைத்துப்போனது. சோறு இறங்காது; நெஞ்சில் வந்து குந்திக்கொள்ளும். படுத்தால் காலையில் தின்றது மாலையில் மேலே வரும். திக்லிபூர்ப் பாக்குமரம் எனக்குப் பக்கத்தில் நின்றால் பருமனாகத் தெரியும், அப்படி இளைத்தேன். மீன் தின்னும் ஊரில் இதற்கு ஒரே காரணம்தான்: முள். வங்காளி அண்டைவீட்டார் முழு வாழைப்பழத்தை விழுங்கச் சொன்னார். மலையாளி மேஸ்திரி சோற்று உருண்டையை உருட்டிக் கொடுத்தார். எல்லாம் உள்ளே போய், ஒன்றன்மேல் ஒன்றாக வரிசையில் நின்றன. "ஊரையே வாயால வளைப்பீக, ஒரு கவளம் உள்ள தள்ள முடியலையோ?" என்று என் மனைவி பாக்கியம் கேட்டாள். கேட்டுவிட்டு, அடுப்படிக்குப் போய் அழுதாள்.

மாசிலாமணி வெள்ளைக் குழம்பைக் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார். உணவுக்குழாய் பையாக வீங்கி, அடியில் கிளிமூக்காகக் கூர்ந்திருந்தது. "முள்ளும் இல்ல, மண்ணும் இல்லவே. கீழ் வாசல் தொறக்க மாட்டேங்கு. தொண்டை வழியா வெளக்கு வச்ச குழாயை எறக்கிப் பாத்து, ரப்பர் பையை உள்ள விட்டு, காத்தடிச்சு விரிக்கணும்." அதோடு நிறுத்தியிருந்தால் அவர் சாதாரண டாக்டர். "மெட்ராஸ்ல செஞ்சிருக்கேன். முக்காவாசிப் பேரு சாப்பிடுதாங்க. சிலருக்குத் திரும்ப அடைக்கும், திரும்ப விரிக்கணும். ஒருத்தருக்குக் குழாய் கிழிஞ்சுது, காப்பாத்த முடியல. இதையும் கேட்டுக்கிட்டு முடிவு சொல்லும்," என்றார். பாக்கியம் என்னைப் பார்க்கவில்லை. "செய்யுங்க டாக்டர்," என்றாள்.

அவருக்கு இன்னொரு கவலை இருந்தது. கிழிந்தால் முதலில் தெரிவது வலியில்தான். "எறும்பு கடிச்சா யானை மிதிச்சுட்டும்பீரு. உம்ம வலியை நான் எந்தப் படியால அளக்க?" என்று கேட்டார். அவரே யோசித்துச் சொன்னார்: "நீர் கதை அளக்குற வரைக்கும் எனக்குப் பயமில்ல. வாய மூடினா வந்துருவேன்."

மேசையில் தலையைத் தொங்கவிட்டு, வாள்விழுங்கியைப் போலக் குழாயை விழுங்கிக் கிடந்தேன். பை விரிந்தபோது அந்தமான் தீவு மொத்தமும் என் நெஞ்சுக்குள் புடைத்தது. முடிந்தபின் வார்டில் எல்லோருக்கும் அதை விஸ்தாரமாகச் சொன்னேன். மத்தியானம் முதுகுப்பக்கம், தோளுக்குக் கீழே ஒரு குத்தல். சின்னதுதான். ஆனால் சொல்ல வாய் வரவில்லை. சிஸ்டர், "க்யா ஹுவா, சாச்சா? கஹானி கதம்?" என்று சிரித்தாள். கதை தீர்ந்துவிட்டதா என்று அவள் கேட்டது வெளி நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் காதில் விழுந்திருக்க வேண்டும். ஸ்டெதாஸ்கோப் ஆட ஓடிவந்தார். என் கழுத்தின் இருபுறமும் விரலால் அழுத்தி, குழாய் கிழிந்து தோலுக்கடியில் காற்று ஏறி நொறுநொறுக்கிறதா என்று பார்த்தார். "பானி பந்த்," என்றார். அதற்குப் பிறகு எனக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. பென்சிலின், கையில் டிரிப், லேசான காய்ச்சல்.

அன்று மாலை மெட்ராஸ் கப்பல் புறப்பட இருந்தது. "ஏத்தி விட்டுருவோமா?" என்று பாக்கியம் கேட்டாள்.

"நடுக்கடல்ல கிழிசல் பெருசானா நெஞ்சைத் தொறக்க அங்க ஆள் இல்லம்மா. இங்க நான் இருக்கேன். ஆனா இங்கயும் எல்லா வசதியும் இல்ல. இருக்கச் சொல்லுதேன். தப்பாப் போனா அது என் தப்பு."

கப்பல் ஊதிக்கொண்டு போனது. அவர் நாற்காலியை என் கட்டிலருகே இழுத்துப் போட்டார். வருவார், கழுத்தைத் தொடுவார், காய்ச்சல் பார்ப்பார், மறுபடி உட்காருவார். ஒன்றும் பேசமாட்டார். நானும் பேசவில்லை. இரண்டு திருநெல்வேலிக்காரர்கள் அவ்வளவு நேரம் சும்மா இருந்தது சரித்திரத்திலேயே அன்றுதான். "செஞ்சு முடிச்சது பாதி வைத்தியம், பக்கத்துல இருக்குறது மீதி," என்று பாக்கியத்திடம் மட்டும் ஒருமுறை சொன்னார்.

காய்ச்சல் விட்ட காலையில் எப்படி இருக்கிறது என்று கேட்டார். "பத்து முதலை சேந்து முழுங்கி, ருசி பிடிக்காமத் துப்புன மாதிரி இருக்கு டாக்டர்," என்றேன்.

"பத்தா?" அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், வெகுநேரம் துடைத்தார். "சிஸ்டர், ஒரு ஸ்பூன் தண்ணி குடுங்க."

அது இறங்கியது. நாலைந்து வருடங்களில் அவர் சொன்னபடியே மறுபடி அடைத்தது, மறுபடி விரித்தார். இன்று வரை சாப்பிடுகிறேன், நிதானமாக.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது வைத்தியம் அல்ல. நம்மவர் யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால் போகிறேன். எல்லோரும் தங்கள் நோயைப் பெருக்கிச் சொல்வார்கள், கேட்டுச் சிரிக்கிறேன். யாராவது பேச்சை நிறுத்தினால், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.