விளிம்பில் நின்ற மஞ்சள் ஜாக்கெட்

சனிக்கிழமை காலை 6.10. விட்பியில் எங்கள் வீட்டிலிருந்து ஸ்காபரோ மண்மலைகளுக்கு ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். ஏப்ரல் மாதம், வெளியே இரண்டு பாகை. காரில் மூன்று பேர். ஓட்டுவது நான், பக்கத்தில் என் கணவர் சிவநாதன், பின்னால் ரஃபீக் நானா, எங்களுக்கு அண்ணன் மாதிரி. நான் பாடசாலை பஸ் ஓட்டுகிறேன். ரஃபீக் நானாவுக்கு வொஷிங் மெஷின் திருத்துகிற வேலை. இவர், என் கணவர், ஓய்வு பெற்று எட்டு மாதம், அதனால் வீட்டில் கமெராவின் ஆட்சிதான்.

மூவரும் ஒரே படக் குழுவில் இருக்கிறோம். இயற்கை, வரலாறு, பழைய பொருட்கள் என்று மாதம் ஒரு தலைப்பு. எடுத்த படங்களை மாதக் கடைசியில் ஒருவர் வீட்டு பேஸ்மென்டில் பெரிய திரையில் போட்டு, வடையைக் கடித்தபடி ஆளாளுக்குக் கிழிப்போம். இந்த மாதம் ‘அன்றும் இன்றும்’. பழைய படம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எடுத்த இடத்திலேயே நின்று திரும்ப எடுக்க வேண்டும்.

எனக்கு உயரம் ஆகாது. ஏணியில் மூன்றாம் படிக்கு மேல் ஏறியதே இல்லை. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். பிறகு இவர் என்னோடு வாதாடியது எல்லாம் இதை வைத்துத்தான்.

6.50. கிங்ஸ்டன் வீதியில் மூன்று கோப்பி, இரண்டு பேகல், பன்னிரண்டு டொலர் நாற்பது. 7.10க்கு மலை உச்சியில் ஒரு சின்னப் பூங்கா ஓரம் இவரை இறக்கினோம். திட்டம் இதுதான்: இவர் மேலிருந்து ஏரியை எடுப்பார், நாங்கள் கீழிருந்து மலையை எடுப்போம். பூங்கா முடிகிற இடத்தில் கம்பி வேலி, அதில் ஆள் தலைகீழாக விழுகிற படம் போட்ட பலகை.

“வேலிக்கு இங்காலைதான் நிக்கவேணும்,” என்றேன்.

“ஓமோம். நான் என்ன சின்னப்பிள்ளையே?” என்று ட்ரைபொட்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். மஞ்சள் ஜாக்கெட். நான்தான் வாங்கிக் கொடுத்தது, எங்கே நின்றாலும் தெரியட்டும் என்று.

7.30. பிரிம்லி வீதி செங்குத்தாக இறங்கி ஏரிக்கரைக்கு வருகிறது. இங்கே வராதவர்களுக்குச் சொல்ல வேண்டும்: படத்தில் பார்த்தால் வெள்ளைப் பாறை போல் இருக்கும், கிட்ட வந்தால் அத்தனையும் மண். பனியுகத்தில் இந்தப் பக்கத்தைப் பனி மூடியிருந்தபோது படிந்த மணலும் களிமண்ணும், அடுக்கடுக்காக, இருபத்தைந்து மாடிக் கட்டட உயரத்துக்கு நிற்கிறது. அடியை அலை அரிக்கும். உச்சியை மழையும் உருகும் பனியும் கரைக்கும். அன்று காலை காற்றே இல்லை, ஆனாலும் எங்கேயோ பொலபொலவென்று மண் உதிர்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை.

ரஃபீக் நானா இரண்டு வருடத்துக்கு முன் எடுத்த படத்தைப் பையிலிருந்து எடுத்தார். கரையில் கிடந்த ஒரு கொங்கிறீட் துண்டை அடையாளம் பார்த்து, முன்னுக்கும் பின்னுக்கும் நகர்ந்து, பழைய இடத்தைப் பிடித்தார். நீள லென்ஸைப் பூட்டி உச்சியைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். திரும்ப உச்சியைப் பார்த்தார்.

“தங்கச்சி, இதிலை மூண்டு பைன் மரம் நிக்குது. மற்ற ரெண்டும் எங்கை?”

உச்சியில் ஒரே ஒரு மரம். மற்ற இரண்டையும் நான்தான் கண்டேன். மலையடியில் புதுமண் குவிந்து கிடந்தது. அதற்குள் இரண்டும் தலைகீழாகச் செருகிக் கிடந்தன. ஊசியிலைகள் இன்னும் பச்சையாகவே இருந்தன.

நின்ற மரத்துக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் புள்ளி. வேலிக்கு அங்காலை, விளிம்பில்.

ரஃபீக் நானா ஒரு படம் எடுத்து, கமெராத் திரையில் பெரிதாக்கி என்னிடம் நீட்டினார். படத்தில் இவர் புல்லின் மேல் நிற்கிறார். புல்லுக்குக் கீழே ஒரு முழத்துக்கு மண், அதிலிருந்து வேர்கள் தொங்குகின்றன. அதற்கும் கீழே ஒன்றும் இல்லை. குழிந்து உள்ளே போயிருந்தது, என் பஸ்ஸைக் கொண்டுபோய் நிறுத்தலாம். மேலே நிற்கிறவருக்கு அது எப்படித் தெரியும்? கீழே நின்றவர்களுக்கு மட்டுமே தெரிகிற வெறுமை அது.

போன் அடித்தேன், எடுக்கவில்லை. படம் எடுக்கும்போது என் அழைப்பை எடுத்த சரித்திரம் இவருக்கு இல்லை. இரண்டு கையையும் தூக்கி, போங்கோ, பின்னாலே போங்கோ என்று வீசினேன். எங்கள் குழுவில் கையைத் தூக்கினால் ‘இன்னும் கொஞ்சம் முன்னுக்கு வாங்கோ’ என்று அர்த்தம். இவர் எனக்குக் கையைக் காட்டிவிட்டு ஓரடி முன்னுக்கு வைத்தார்.

“கையைக் கீழை விடுங்கோ, கையைக் கீழை விடுங்கோ,” என்று ரஃபீக் நானா என் தோளைப் பிடித்து அமத்தினார்.

கத்தினாலும் எட்டிப் பார்ப்பார். ஓடி ஒளிந்தாலும் எங்கே என்று எட்டிப் பார்ப்பார். காரில் மேலே போகப் இருபது நிமிடம் வேண்டும். நான் அழத் தொடங்கிவிட்டேன், அதைச் சொல்ல வெட்கமில்லை.

அழுதபடியே ஒன்று யோசித்தேன். மனைவியின் அழைப்பை எடுக்காத மனுஷன், போனில் எங்கள் குழுவுக்குப் பறவை என்று செய்தி வந்தால் குளியலறையிலிருந்தும் பார்ப்பார். மூன்று குளிர்காலமாக ஒரு ஆந்தைக்காக அலைகிறார். குழுவில் எழுதினேன்: ‘சிவா, உங்களுக்குப் பின்னாலை, வேலி தாண்டிப் பூங்காவிலை முதல் மரத்திலை ஆந்தை. லென்ஸிலை தெரியுது. ட்ரைபொட்டை விட்டிட்டுக் குனிஞ்சு மெல்லமாப் போங்கோ. அதிர்ந்தால் பறந்திடும்.’

புள்ளி அசையவில்லை. பிறகு தலை குனிந்தது. பார்க்கிறார். கமெராவும் ட்ரைபொட்டும் விளிம்பில் நிற்க, இவர் முதுகை வளைத்து, பூனை மாதிரிப் பின்வாங்கினார். ஒவ்வொரு அடியையும் பஞ்சில் வைப்பது போல் வைத்தார். மஞ்சள் மறைந்ததும் நாங்கள் காருக்கு ஓடினோம்.

8.25. மேலே போனபோது வேலிக்கு உள்ளே நின்று மரமாக மரமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

“ஆந்தை எங்கை?”

“ஆந்தையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. காரிலை ஏறுங்கோ.”

“என்ரை கமெரா அங்கை நிக்குது. எடுத்துக்கொண்டு வாறன்.”

ஜாக்கெட்டைப் பிடித்துக்கொண்டேன். ரஃபீக் நானா படத்தைக் காட்டினார். இவர் நீண்ட நேரம் பார்த்தார். “லென்ஸ் அப்பிடித்தான் காட்டும்,” என்றார். ஆனால் காரில் ஏறினார். கமெராவும் ட்ரைபொட்டும் விளிம்பிலேயே நின்றன.

மாதக் கடைசிக் கூட்டத்துக்கு முன்பே ரஃபீக் நானா அந்தப் படத்தைக் குழுவில் போட்டார், மற்றவர்களுக்கு எச்சரிக்கையாக. வந்த பதில்களைப் படித்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ‘அருமையான கொம்பொசிஷன்.’ ‘அந்த ஆள் நிக்கிறதாலைதான் மலையின்ரை உயரம் தெரியுது.’ ஒருவர்கூட, பத்திரமாகத் திரும்பினாரா என்று கேட்கவில்லை. இவரோ நாளுக்கு நாள் துணிந்தார். ஞாயிறு, “ஒண்டும் விழேல்லைத்தானே.” திங்கள், “இஞ்சரும், நீர் ஏணிக்கே பயப்பிடுற ஆள்.” செவ்வாய்க்கிழமை அந்தப் பேச்சே இல்லை. சரி, விட்டுவிட்டார் என்று நினைத்தேன். என் மடத்தனம்.

புதன் மாலை 4.50. வேலை முடிந்து கதவைத் திறந்தால் வாசலில் அந்த ட்ரைபொட். மூன்று காலிலும் சாம்பல் நிறக் களிமண். இவர் சோபாவில் கமெராவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“தனியவோ போனனீங்கள்?”

“பஸ்ஸிலை போனனான். ஒண்டும் நடக்கேல்லை. இதைப் பாரும்.”

கமெராவை வாங்கித் திரையைப் பார்த்தேன். சனிக்கிழமைப் படம். கீழே ஏரிக்கரை, மணலில் இரண்டு எறும்பு. ஒரு எறும்பு இரண்டு கையையும் தூக்கி நிற்கிறது. அடுத்தது புதன்கிழமைப் படம். அதே இடம், அதே சட்டகம், அதே மணல். கரை முழுக்கத் தேடினேன், ஒரு நாய்கூட இல்லை.

“தலைப்புக்குச் சரியா வந்திருக்கு,” என்றார் இவர். “அன்றும் இன்றும்.”

பத்து நிமிடமோ என்னவோ, அந்த வெறும் மணலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் மறுபடி அந்த விளிம்பில் நின்றபோது கை வீச அங்கே யாருமில்லை.