தலைகுப்புற விழுந்த விமானம்

நாட்டின் விமானத் துறைக்குச் சிறப்பாகப் பங்களித்த நிறுவனங்களுக்குக் கொடுக்கும் விருதுச் சான்றிதழ்கள் எங்கள் சிவகாசி அச்சகத்துக்கு ஆர்டராக வந்தன. தாளின் தலையில் தங்க நிறத்தில் விமானம் பதிப்பது என் வேலை. அச்சுப் பிளாக் கோணலாக இருந்ததைக் கவனிக்காமல் ஒரு கட்டுத் தாளை ஓட்டிவிட்டேன்.

"ஏலே, மூக்கு தரையப் பாக்குதுலே. கீள விளுற பிளேனுக்கா விருது குடுக்காக?" என்று போர்மேன் கத்தினார்.

வீணான தாள்கள் வழக்கம்போல வெடிக்குழாய் சுருட்டத் தாயில்பட்டிக்குப் போயின. அங்கே பட்டாசு ஆலையில் வேலை பார்த்த என் அக்கா, "ஏலே, இது நீ அடிச்சதா? அம்புட்டு மினுக்கா இருக்கு" என்று போனில் சிரித்தாள்.

மறு வாரம் அந்த ஆலை வெடித்தது. அக்காவைக் கொலுசை வைத்துத்தான் அடையாளம் சொன்னேன். சுவர் இருந்த இடத்தில் கருகிய குழாய் ஒன்று கிடந்தது. அதில் என் விமானம் பாதி மினுங்கியது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வேலைக்குப் போனேன். பெயர்கள் அச்சாகி, சான்றிதழ்கள் அனுப்பத் தயாராக இருந்தன. மேலே இருந்ததைப் படித்தேன். ஆண்டு முழுக்க ஓர் உயிரும் போகாமல் விமானம் ஓட்டிய நிறுவனத்துக்கு அது.

பட்டாசுக் கம்பெனி எதற்கும் அப்படியொரு சான்றிதழ் அடிக்க எங்களுக்கு இதுவரை ஆர்டர் வந்ததில்லை.